சாட் நின்றுபோன நாள்

குரும்பலூர் பாக்யலட்சுமி ஏழாவது படிக்கும்போது வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. வாய் அசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். ஆனால் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் வாயைப் பார்ப்பது? கல்யாணம், வளைகாப்பு என்றால் ஓரமாக உட்கார்ந்து சிரித்து வைப்பாள். என்ன கேலி என்று பிறகு கேட்டால், "ஒண்ணுமில்லடி" என்பார்கள். அதைப் போல எரிச்சலூட்டும் சொல் உலகத்தில் கிடையாது.

இரண்டாயிரத்து நான்கில் பெரம்பலூரில் வேணுகோபாலின் டேட்டா என்ட்ரி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அவருக்கு அரியலூரிலும் ஒரு கிளை உண்டு. இரண்டு ஆபீசும் பேசிக்கொள்ள ஒரு சாட் சர்வர் வைத்திருந்தார்கள். வேலைச் சந்தேகம், மதியக் குழம்பு, நடுநடுவே வம்பு என்று எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் எழுத்தாகவே நடக்கும். பாக்யா முதல் தடவையாகக் கூட்டத்துப் பேச்சில் புகுந்தாள். புகுந்தவள் சும்மா இருந்தாளா? அரியலூர்க்காரர்கள் சந்தேகம் கேட்டு முடிப்பதற்குள் பதில் போய்விடும். வாயாடி என்று பெயரே வாங்கிவிட்டாள். அந்த சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பேச்செல்லாம் சேர்ந்திருக்கும் டேட்டாபேஸை தினமும் சாயங்காலம் சி.டி.யில் படியெடுத்து வைப்பாள். "சர்வர மட்டும் நிறுத்தாதம்மா, வேல கெட்டுப்போயிரும்" என்பது வேணுகோபாலின் கட்டளை. அதனால் ஓட ஓடத்தான் எடுத்தாள். எடுத்த சி.டி. ஒன்றையாவது திரும்பப் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அடுப்பு மூட்டிய பிறகுதானே உறைக்கிறது!

இரண்டாயிரத்து ஆறு கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் சர்வரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. புது டிஸ்க் வந்ததும் முந்தின நாள் சி.டி.யைப் போட்டாள். டேட்டாபேஸ் பழுது என்றது. அதற்கு முந்தையதும் பழுது. எதைப் போட்டாலும் அதே பாட்டு.

வேணுகோபால் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்று நிதானமாகச் சொன்னார். "விடும்மா, இனிமே சாட்டே வேணாம். எல்லார்ட்டயும் போன் இருக்கு, பேசிக்கட்டும்."

எல்லாரும் பேசிக்கொள்வார்கள், அவளைத் தவிர. மறுபடியும் ஓரமாக உட்கார்ந்து சிரித்து வைக்க வேண்டுமா? பாக்யாவுக்கு அழுகை முட்டியது. "இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கிறேன் சார்" என்று கெஞ்சினாள். சரி என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

பக்கத்து சீட்டு ஜெயசித்ரா அவள் தோளைத் தொட்டுத் திருப்பினாள். "எல்லாத்தயும் ஒரே மாதிரிதான எடுத்த?"

"ஆமா" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இந்த வருஷம் ஒன்றே ஒன்று அப்படி எடுத்ததில்லை. ஆயுத பூஜை! அன்றைக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாது. சந்தனம், குங்குமம் வைக்கும் முன் சாட் சர்வரை நிறுத்தி, அதன் பிறகு படியெடுத்து, கடைசியில் பெட்டியை அணைத்தாள். மற்ற நாளெல்லாம், ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே தாளை உருவியதைப் போல, அரைகுறையாகத்தான் எடுத்திருக்கிறாள்.

அந்த சி.டி.யைத் தேடிப் போட்டாள். இந்தத் தடவை திரை முரண்டு பிடிக்கவில்லை. இரண்டு வருஷப் பேச்சும், வம்பு வழக்கு உட்பட, வரிசையாக வந்து உட்கார்ந்தது. பூஜைக்குப் பிறகு பேசியது போனது போனதுதான். ஜெயசித்ரா அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஓடும்போதே படியெடுத்ததுதான் கோளாறு என்று சாரிடம் சொல்லிவிட்டு, சாட் சர்வரைத் திறந்துவிட்டதும் இதுவரை ஒரு வரிகூட எழுதாத வேணுகோபாலின் பெயர் முதலில் வந்தது. "தினம் கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாம். எப்ப நிறுத்தணும்?"

"டீ டைம்ல!" என்றது அரியலூர்.

"ஐயோ, அப்பதான கத பேச முடியும்!" என்றாள் ஜெயசித்ரா.

"சாப்பாட்டு நேரத்துல வச்சுக்குங்க" என்றார் இன்னொருவர். வரிக்கு மேல் வரி வந்து விழுந்தது.

பாக்யா விறுவிறுவென்று தட்டினாள்:

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. நான் சொல்றேன்."