பொல்லாதவனுக்கு ஆங்கிலத்தில்

வியட்நாம் போரின்போது, சைகோன் நகரில் அமெரிக்கர்கள் நிறைந்திருந்த வருடங்களில் நான் ஓர் அச்சகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். எங்களுடையது புதுச்சேரிக் குடும்பம்; வீட்டில் தமிழும் பிரெஞ்சும். ஆங்கிலம் மட்டும் அகராதியைப் புரட்டி நானாகக் கற்றது. டோங் டு தெருவில், பள்ளிவாசலுக்குப் பின்னால், எங்கள் வீட்டுக்குக் கீழே காரைக்கால் மாமி ஒருவர் இருந்தார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் அமெரிக்கக் கிடங்கொன்றில் லாரிகளுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை, பென் தான் சந்தையருகே போலீஸ் வளைத்துப் பிடித்த கூட்டத்தில் அவனும் சிக்கினான். கையில் அடையாள அட்டை இல்லை. கிடங்கு அதிகாரி நல்லவிதமாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்றார்கள். மாமி என்னிடம் ஓடிவந்தார்.

"சின்னதுலேர்ந்து அவன் பொல்லாத புள்ளதாம்மா. ஆனா எறும்பக்கூட மிதிக்கமாட்டான். நான் சொல்றத அப்படியே எழுது. பெத்தவ பொய் சொல்லலேன்னு தொரைக்குத் தெரியணும்."

அப்படியே எழுதினேன். 'பொல்லாத' என்பதற்கு அகராதியில் முதலில் இருந்த சொல் 'விக்கிட்'. அதற்குமேல் நான் படிக்கவில்லை.

மாமியைக் கிடங்கு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அதிகாரி படித்துக்கொண்டே வந்தவர், அந்தச் சொல்லில் விரலை வைத்தார்.

"பெற்ற தாயே இவனைக் கொடியவன் என்கிறாளா?"

குறும்பு, சேட்டை, பிடிவாதம் என்று விளக்க எனக்கு ஆங்கிலம் வரவில்லை. பிரெஞ்சில் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. நாளுக்கொரு குண்டு வெடிக்கும் ஊரில் இப்படிப்பட்ட ஆளுக்குத் தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்று கடிதத்தைத் திருப்பித் தந்தார். ஆங்கிலம் பேசும் தாய்மாரும் சேட்டைக்காரப் பிள்ளையை அதே சொல்லால் செல்லமாகத் திட்டுவதுண்டு என்று வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். அந்த அதிகாரியின் தாயும் திட்டியிருக்கலாம். தாளில் படித்தபோது அவருக்கு அது தோன்றவில்லை.

வெளியே வந்ததும் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொரை என்னம்மா சொன்னாரு?"

"அவர் கையில ஒண்ணும் இல்லையாம், மாமி."

மறுநாள் வேறு கடிதம் அடித்துக் கொண்டுபோனேன். காவலாளி உள்ளே விடவில்லை. போலீஸ் நிலையத்தில் விசாரித்தால், பிடிபட்டவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்களாம். எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை.

போர் முடிந்து எங்கள் குடும்பம் பிரான்சுக்குப் புறப்பட்டபோது, நீங்களும் ஊருக்குப் போய்விடுங்கள் என்று மாமியிடம் கெஞ்சினேன்.

"அவன் வந்து கதவத் தட்டுனா யாரும்மா தொறப்பா?" என்றார்.

நான் எழுதியதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.