தாழ்ப்பாளுக்கு வெளியே ஆறு பேர்

பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆன பிறகும் தெருவில் எல்லோருக்கும் டைம் கீப்பர்தான். சொந்த மைத்துனர் ஓட்டி வந்த வண்டி நாலு நிமிஷம் தாமதம் என்று எழுதியவர். அந்த மைத்துனர் மூன்று வருஷம் பேசவில்லை. இவரும் போய்ப் பேசவில்லை. பதிவேட்டில் ஒருமுறை எழுதியதை அடித்துத் திருத்தியதே கிடையாது என்பது அவருடைய பெரிய பெருமை. திருத்தினால் அது பதிவேடு இல்லை, சிலேட்டு என்பார்.

இப்படிப்பட்ட மனிதரை ஊர் சேவைச் சங்கத்தின் செயலாளராகப் போட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கூட்டம். ஏழு என்றால் ஏழு. மேஜை மணி அடித்ததும் வாசல் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள் விழுந்துவிடும். எட்டு மணி வரை யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவரே கொண்டுவந்து, அவரே வழிமொழிய ஆள் பிடித்த விதி. கிளம்பிய பஸ்ஸை யாருக்காகவும் நிறுத்த முடியாது என்று அன்றைக்கு அவர் பேசிய பேச்சுக்குக் கைத்தட்டல்கூட விழுந்தது.

சங்கம் ஒன்றும் சும்மா கூடிக் கலைகிற கூட்டமில்லை. ஹாலுக்குப் பின்னால் ஓர் அறை நிறைய சக்கர நாற்காலி, வாக்கர், ஊன்றுகோல், தலைமாட்டை உயர்த்துகிற கட்டில் எல்லாம் இருந்தன. கால் முறிந்தவர், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாம். ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும், குணமானதும் திருப்பித் தரலாம். ஊரில் அந்த நாற்காலி போய் வராத தெரு இல்லை.

ஆனால் உறுப்பினர்கள் நாற்பதிலிருந்து ஒன்பதாகத் தேய்ந்திருந்தார்கள். ஒன்பது பேரில் இளையவர் தலைவர். மருந்துக்கடை வைத்திருந்த அவருக்கே வயது அறுபத்தொன்று. தலைமைச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வருஷக் கடைசிக்குள் பதினைந்து பேர் இல்லையென்றால் அங்கீகாரம் ரத்து, ஹால் நகராட்சிக்கு, சாமான்கள் எல்லாம் தொலைதூரத்துக் கிடங்குக்கு. டைம் கீப்பர் அந்தக் கடிதத்தைப் படித்த அன்று சரியாகச் சாப்பிடவில்லை. தன் கையில் இருக்கும்போதா இந்தச் சங்கம் மூட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சும்மா இருக்கவில்லை மனிதர். சங்கத்தை நவீனமாக்கப் புறப்பட்டார். நீல டையைப் பச்சை டையாக மாற்றினார். ஒன்பது பேர் உட்காரும் ஹாலுக்கு மைக் வாங்கினார். வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்து, அதில் பேசுவதற்குப் பதினான்கு விதிகள் போட்டார். பதினான்கையும் படித்து முடித்தவர்கள் அதன்பின் வாயே திறக்கவில்லை. புது உறுப்பினருக்கு நாலு பக்க விண்ணப்பம் அச்சடித்தார். 'நான் ஏன் சேவை செய்ய விரும்புகிறேன்' என்று நூற்றைம்பது வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும். வங்கியில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் இரண்டு வியாழன் வந்தாள். முதல் வாரம் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்தார்கள். இரண்டாவது வாரம், போன வாரம் குறிப்பு படிக்கப்பட்டது என்ற குறிப்பைப் படித்தார்கள். மூன்றாவது வாரம் அவள் வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே டைம் கீப்பர் 'ஆர்வமில்லை' என்று எழுதினார்.

இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், சங்கம் இப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் பின்னறை மட்டும் பளிச்சென்று இருந்தது. கிரீச்சிட்ட சக்கரங்கள் கிரீச்சிடுவதை நிறுத்தின. கிழிந்த இருக்கைகள் தைக்கப்பட்டன. டைம் கீப்பர் இதெல்லாம் தலைவரின் வேலை என்று நினைத்தார். தலைவர் இது செயலாளரின் வேலை என்று நினைத்தார். நேரில் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று இருவரும் கேட்கவில்லை. மாதா மாதம் 'சிறந்த பராமரிப்புக்காக' ஒருவருக்கொருவர் நன்றித் தீர்மானம் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருமே அடக்கமாகத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டில் அவருடைய மனைவி இதைப் பற்றியெல்லாம் கருத்துச் சொல்வதில்லை. சங்கக் கடிதத்தாளில் அச்சாகியிருந்தது அவர்கள் வீட்டுத் தொலைபேசி எண். வருகிற அழைப்புகளை எடுப்பது அவள் பாடு. வியாழக்கிழமை மட்டும் அவள் மாலையில் ஒரு மணி நேரம் நடக்கப் போவாள். சர்க்கரைக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள். மற்ற ஆறு நாளும் சர்க்கரை எங்கே போயிற்று என்று டைம் கீப்பருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வருஷம் முடிய இரண்டு வாரம் இருந்தது. அந்த வியாழன் பல் டாக்டர் ஒருவரை எப்படியாவது சேர்த்துவிடுவது என்று விண்ணப்பத்தோடு கிளம்பினார் டைம் கீப்பர். கிளினிக் நாலாவது மாடி. லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றுவிட்டது. மணி ஆறு இருபது. உள்ளே அவரும் நாலு பக்க விண்ணப்பமும் மட்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வியர்த்துக் கொட்டியது. லிஃப்ட் மெக்கானிக் வந்து கதவைத் திறந்து அவரை இழுத்து எடுக்கும்போது ஆறு ஐம்பத்தேழு.

பல் டாக்டராவது ஒன்றாவது, சங்க ஹாலுக்குப் போக வேண்டும் என்று பறந்தார். மெக்கானிக் தானும் அந்தப் பக்கம்தான் போவதாகச் சொல்லி ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டான். போகிற வழியில், அந்த அவசரத்திலும், டைம் கீப்பர் அவனைச் சங்கத்தில் சேரச் சொல்லிக் கேட்டார். ஆறு பேர் குறைகிறவருக்கு லிஃப்ட் மெக்கானிக் என்ன, பல் டாக்டர் என்ன.

"நான் வாரா வாரம் அங்கதான் சார் வர்றேன்" என்றான் மெக்கானிக்.

இவன் எந்தச் சங்கத்தைச் சொல்கிறான் என்று யோசிப்பதற்குள் ஹால் வந்துவிட்டது. மணி ஏழு ஆறு. தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

தட்டினார். உள்ளே மைக்கில் தலைவரின் குரல் முழங்கியது. செயலாளர் இன்று வரவில்லை என்று பதிவு செய்யச் சொன்னது அந்தக் குரல். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறாத வருகை அவருடையது. இன்னொரு முறை தட்டினார். யாரோ ஒருவர் திறக்கலாமா என்று கேட்டதும், விதி விதிதான் என்று தலைவர் சொன்னதும் தெளிவாகக் கேட்டது. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் சொல்லிக்கொடுத்த விதியை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று அந்தக் கோபத்துக்குள்ளேயே ஒரு துளி பெருமையும் இருந்தது. மனிதர் அப்படி.

மெக்கானிக் வாசலுக்கு வரவே இல்லை. கருவிப்பையோடு ஹாலின் பக்கவாட்டில் நடந்தான். டைம் கீப்பரும் பின்னால் போனார்.

பின்னறையின் பக்கக் கதவு திறந்திருந்தது. முன்னால் தகரக் கூரைக்கடியில் விளக்கு எரிந்தது. வார்டு நர்ஸ் ஒருத்தி, சீருடையைக்கூட மாற்றாமல், வாக்கர் ஒன்றை மருந்துத் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தாள். பள்ளி வேன் டிரைவர் மடக்குக் கட்டிலைக் கீழே இறக்கினார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவும் தங்கையும் நாற்காலி இருக்கைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியின் மேல், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, சக்கர நாற்காலியின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அவள் சர்க்கரைக்காக நடக்கப் போனவள்.

நிமிர்ந்து பார்த்த மனைவியின் முகத்தில் குட்டு வெளிப்பட்ட கலக்கமெல்லாம் இல்லை.

"என்னங்க, வெளிய நிக்கிறீங்க? கதவைச் சாத்திட்டாங்களா?"

நர்ஸ் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. போன் செய்கிறவர்களிடம் வியாழன் எட்டு மணிக்கு வரச் சொல் என்பது அவர் உத்தரவு. வந்தவர்கள் முன்னதாகவே வந்து, தட்டிப் பார்த்து, நோயாளிக்கு நேரமாகிறதே என்று தவித்து நின்றார்கள். போனில் இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வியாழன், ஏழு அடிப்பதற்கு முன்பே, வீட்டு ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். நர்ஸுக்கு டியூட்டி ஆறே முக்காலுக்குத்தான் முடியும். மூன்று முறை கூட்டத்துக்கு வந்து தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள். வேன் டிரைவரின் அப்பா படுத்திருந்த கட்டில் இங்கிருந்து போனது; திருப்பித் தர வந்தவர் நின்றுவிட்டார். யாருக்கு எப்போது முடிகிறதோ அப்போது வருவார்கள், முடிகிறதைச் செய்வார்கள், எட்டுக்கு முன் கிளம்பிவிடுவார்கள். வராத வாரம் யாரும் காரணம் கேட்பதில்லை.

டைம் கீப்பர் மெல்ல எண்ணினார். ஐந்து பேரும் மனைவியும். ஒன்பதும் ஆறும் பதினைந்து. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் முட்டாள்தனம் உறைத்ததில் அசடும் வழிந்தது. இரண்டையும் மறைக்காமல் அந்த ஐந்து பேரிடமும் சங்கத்தில் சேருங்கள் என்று கேட்டார். அவர்கள் பிடி கொடுக்காமல் இல்லை. ஆனால் நிபந்தனை போட்டார்கள். தாழ்ப்பாள் போக வேண்டும். விண்ணப்பம் அரைப்பக்கம். குறிப்பு படிப்பதை விட்டுவிட்டு நாற்காலி துடைக்கலாம். மைக்கும் போக வேண்டும் என்று நர்ஸ் சேர்த்துக்கொண்டாள். டைம் கீப்பர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடு. ஒரு ஆள் குறையுது."

அவள் நட்டை இன்னொரு சுற்று முறுக்கினாள்.

"எண்ணிக்கைக்குன்னா வேற யாரையாவது பாருங்க."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வழக்கம்போல் சாப்பாடு போட்டாள். சாதாரணமாகத்தான் இருந்தாள், அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. மறுநாள் பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டும்போது ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. பெண்களும் உறுப்பினராகலாம் என்று ஆறு வருஷத்துக்கு முன் வந்தது. இதை அவளிடம் உரக்கப் படித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. "அப்படியா?" என்று கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள் அவள். அவர் அடுத்த சுற்றறிக்கையைப் படிக்கப் போய்விட்டார். இப்போது அந்தச் சுற்றறிக்கையை மட்டும் அவர் தனியாக எடுத்து வைத்தார்.

தலைவரைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இல்லை. நன்றித் தீர்மானங்களைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டதும் மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆறு நாளும் டைம் கீப்பர் பின்னறையில் சீட்டுப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். பதினொரு வருஷத்துச் சீட்டுகளை வருஷ வாரியாகக் கட்டி வைத்திருந்தார், ஒரு நாளும் பிரித்துப் படித்ததில்லை. இப்போது பிரித்தால் ஒவ்வொன்றிலும் அவளுடைய எழுத்து. 'இடது சக்கரம் தளர்வு, சரி செய்தது.' 'இவருக்கு உயரம் அதிகம், பெரிய ஊன்றுகோல் கொடுக்கவும்.' 'அம்மா இறந்துவிட்டாராம், வாக்கரைக் கேட்டு போன் செய்ய வேண்டாம்.' இந்தக் கடைசிச் சீட்டை அவர் இரண்டு முறை படித்தார்.

கடைசி வியாழன் வந்தது. வாசல் கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு திருகாணித் துளைகள்தான் இருந்தன. கழற்றியது மெக்கானிக். பிடித்துக்கொண்டு நின்றது டைம் கீப்பர். ஆறே முக்காலுக்கு ஒருவர், ஏழு பத்துக்கு ஒருவர், ஏழு இருபதுக்கு இரண்டு பேர் என்று ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவர் கை மணியின் பக்கம் போய்த் திரும்பியது. வங்கிப் பெண்ணும் வந்திருந்தாள். நர்ஸ் அழைத்து வந்தாள். ஆக, எண்ணிக்கைக்கு இனி மனைவி தேவையில்லை. அது தெரிந்த பிறகுதான் டைம் கீப்பர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவளிடம் போனார்.

"இப்ப ஆள் குறையலை. இருந்தாலும் கேக்கறேன். அன்னைக்கே கேட்டிருக்கணும்."

அவர் நீட்டிய பக்கத்தில் அவள் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. சேர்ந்த தேதி என்ற இடத்தில் பதினொரு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை. பக்கத்தில் நேரம்: மாலை 7.05.

எட்டிப் பார்த்த தலைவர், தேதி தப்பாக இருக்கிறதே, தலைமைச் சங்கம் கேட்குமே என்று இழுத்தார்.

"முதல் சீட்டுல இருக்கிற தேதி, நேரம். நான் நேரத்தைத் தப்பா எழுத மாட்டேன்" என்றார் டைம் கீப்பர்.

மனைவி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அந்த வரியை நிதானமாகப் படித்தாள். அவள் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காத மாதிரி துடைத்துக்கொண்டிருந்ததைத் துடைத்தார்கள். பிறகு பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடாமல் நேரத்தின் மேல் விரலை வைத்தாள்.

"சீட்டு எழுதினது ஏழு அஞ்சு. நான் வந்தது ஆறே முக்கால்."

டைம் கீப்பர் பேனாவைத் திருப்பி வாங்கினார். 7.05-ஐ ஒரே கோடாக அடித்தார். மேலே 6.45 என்று எழுதினார். திருத்தம் செய்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. அதையும் இட்டுவிட்டு, பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.