ஒரு வரி மேலே ஏறிய கிரேடுகள்

ஸ்டேப்ளர் என்று அவளுக்குப் பெயர் வைத்தது கல்லூரித் தோழிகள். வாயைத் திறந்தால் டக்கென்று ஒரு சத்தம், அதோடு விஷயம் முடிந்துவிடும். இருபது வயது. காலையில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் குழாய்களுக்கு லேபிள் ஒட்டும் வேலை, மதியத்துக்கு மேல் கல்லூரி. லேபிள் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. பெயரைக் குழாயில் ஒரு தடவை பார்ப்பாள், சீட்டில் ஒரு தடவை பார்ப்பாள், அப்புறம் ஆளின் முகத்தைப் பார்த்து, "உங்க பேர் என்ன?" என்பாள். ஊசிக்குப் பயந்து ஏற்கெனவே பாதி உயிராக உட்கார்ந்திருப்பவர், "இப்பத்தானேம்மா சொன்னேன்" என்பார்.

"மறுபடி சொல்லுங்க."

சொன்னால்தான் குழாய் நகரும்.

அப்படிப்பட்டவள் தன்னுடைய சொந்த விண்ணப்பத்தில் ஆறு பாடங்களில் ஐந்துக்குக் கிரேடைத் தப்பாகப் போட்டு அனுப்பியிருந்தாள். ஆறாவது சரியாக இருந்தது. அதுவும் அவள் சாமர்த்தியத்தால் இல்லை.

விஷயம் வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கல்லூரி அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால். அவள் படித்தது இரண்டு வருடச் சின்னக் கல்லூரி. அங்கிருந்து பெரிய கல்லூரிக்கு மாறி, பரிசோதனைக்கூடப் படிப்பில் சேரவேண்டும் என்பது அவள் கணக்கு. அடுத்தவர் எடுத்த ரத்தத்துக்கு லேபிள் மட்டும் ஒட்டாமல், அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்று ஆசை. விண்ணப்பத்தில் கிரேடுகளை நாமேதான் நிரப்பவேண்டும். அப்புறம் கல்லூரியிலிருந்து மார்க்‌ஷீட் முத்திரை போட்டு நேராக அங்கே போகும். இரண்டும் ஒத்துப்போகவேண்டும். சீட் கொடுத்து கடிதமும் வந்துவிட்டது. கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு நிபந்தனை. புள்ளியியலில் குறைந்தது பி இருக்கவேண்டும். கொடுத்த விவரம் பொய்யென்று தெரிந்தால் சீட் ரத்து, திரும்ப விண்ணப்பிக்கவும் முடியாது.

கவுண்டரில் இருந்தவர் மார்க்‌ஷீட்டின் ஒரு பிரதியை நீட்டினார். "அனுப்பறதுக்கு முன்னாடி பாத்துக்கம்மா. அப்புறம் வந்து பேர்ல புள்ளி இல்ல, கோடு இல்லன்னு நிக்கக்கூடாது."

பார்த்தாள். புள்ளியியல், சி.

"சார், இது என்னோடதுதானா?"

"உன் பேரு, உன் நம்பர். மூஞ்சி மட்டும்தான் போடல."

"புள்ளியியல்ல எனக்கு ஏ சார்."

"நானும்தான் பைலட் ஆயிருக்கணும்." அவர் முத்திரைக் கட்டையை மையில் ஒற்றினார். "அனுப்பவா, வேணாமா? சாயங்காலத் தபாலுக்குக் கட்டணும். வியாழக்கிழமை அங்க போய்ச் சேரும். வெள்ளிக்குள்ள சேரலேன்னா சீட்டு தானாப் போயிடும்."

அனுப்பினாலும் போகும், அனுப்பாவிட்டாலும் போகும். ஸ்டேப்ளர் தலையை மட்டும் ஆட்டினாள். முத்திரை விழுந்தது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் விண்ணப்பத்தைத் திறந்து, மடியில் மார்க்‌ஷீட்டை விரித்தாள். கட்டுரை: உண்மையில் பி, அவள் போட்டது சி. புள்ளியியல்: உண்மையில் சி, போட்டது ஏ. உயிரியல் இரண்டிலும் ஏ. வேதியியல் ஏ-க்குப் பதில் பி, உளவியல் பி-க்குப் பதில் ஏ, உடற்பயிற்சி ஏ-க்குப் பதில் பி. கூட்டிப் பார்த்தால் மொத்தம் அச்சாக ஒன்றாகவே வந்தது. இப்படி ஒரு திருட்டை எந்தத் திருடனும் செய்யமாட்டான். கட்டுரையில் ஒழுங்காக வாங்கிய பி-யைத் தூக்கிப் போட்டுவிட்டு சி-யை எடுத்துக்கொள்வானா?

விரலை வைத்து வரி வரியாக இறங்கியபோது புரிந்தது. ஒவ்வொரு கிரேடும் ஒரு வரி மேலே ஏறியிருந்தது. கடைசிப் பாடத்துக்கு, அதற்கும் கீழே இருந்த மொத்தக் கிரேடு ஏறி வந்து உட்கார்ந்திருந்தது.

யார் கை என்றும் அப்போதே தெரிந்துவிட்டது.

அவள் அப்பா ஜெராக்ஸ் கடைக்காரர். இருபத்திரண்டு வருடமாக ஒரே கடை, மூன்றாவது இயந்திரம். அசல் காகிதத்தின் மேல் மனுஷன் கை படக்கூடாது என்பது அவருடைய கொள்கை. எது வந்தாலும் ஒரு காப்பி, அசல் பிளாஸ்டிக் உறைக்குள், உறை அலமாரிக்குள், சாவி அவர் இடுப்பில். அந்த வீட்டில் ஒரிஜினலாக நடமாடுவது மூன்று மனிதர்கள் மட்டும்தான். மார்க்‌ஷீட்டும் கடை முகவரிக்குத்தான் தபாலில் வந்தது. அகலமான தாள், இயந்திரத்தின் கண்ணாடியில் அடங்காது. அவர் இடது பாதியை ஒன்று, வலது பாதியை ஒன்று என்று காப்பி எடுத்து, இரண்டிலும் மேலே இருந்த தலைப்பு வரியை வெட்டிவிட்டு, விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டி, அதை மறுபடி ஒரே தாளாகக் காப்பி எடுத்துக் கொடுப்பார். ஒட்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. பெருமையான வேலை. அன்று வலது பாதியில் கத்தரி தலைப்போடு சேர்த்து முதல் கிரேடையும் தின்றுவிட்டது.

இதில் அவளுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காப்பி கைக்கு வந்த அன்றே கட்டுரை டீச்சரிடம் போய், "எனக்கு சி-யா மேடம்?" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டாள். அவர், "அப்படியா போட்டேன்? பாக்கணுமே" என்றார். புள்ளியியல் பரீட்சை முடிந்து கழிப்பறையில் போய் அழுதவளும் அவள்தான். அழுதவளுக்கு ஏ எப்படி வரும்? ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஏ என்று போட்டிருக்கும்போது அலமாரிச் சாவியை யார் கேட்பார்கள்?

அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலுக்கடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு ஊரையே நம்பாமல் வாழ்பவள்.

"தனியா இருக்கியாம்மா?"

"ஒருத்தர் ரிவர்ஸ் எடுத்துக்கிட்டிருக்கார். நீ சொல்லு."

சொன்னாள். மறுமுனையில் இண்டிகேட்டர் டிக் டிக் என்றது.

"மொத்தம் சரியா வருதுல்ல? சும்மா இரு. அவங்க என்ன, வரி வரியாவா பாக்கப் போறாங்க? சார், செவுரு. சார், செவுரு." பிரேக் கத்தியது. "பாத்தியா, சொல்லிக்கிட்டே இருக்கேன், போறாரு. சரி, உங்கப்பாகிட்ட மூச்சு விடாத. மனுஷன் சோறு தண்ணி இல்லாம படுத்துடுவாரு."

சும்மா இருப்பது நல்ல யோசனையாகத்தான் பட்டது, ஐந்து நிமிஷத்துக்கு. ஆறாவது நிமிஷம் பெரிய கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு டயல் செய்தாள். பேசிய அம்மாள் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்: "நாளைக்குப் பதினோரு மணிக்கு நேர்ல வாங்க. தப்பு எப்படி நடந்துச்சுன்னு காட்ட ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க. ஐந்து பாடம் தப்பாகியிருக்கு. வாயால சொல்றதை மட்டும் வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

காட்டுவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒட்டுப்போட்ட தாள். அது கடையில், அவள் பெயர் எழுதிய ஃபைலில், அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில்.

கடைக்குப் போனபோது அப்பா யாருடைய வாடகை ஒப்பந்தத்தையோ நாற்பது பக்கமாக உருவிக்கொண்டிருந்தார். ஸ்டேப்ளர் கவுண்டருக்குள் நுழைந்து, கால் ஆணி உள்ளவள்போல மெதுவாக அலமாரித் தட்டுப் பக்கம் நகர்ந்தாள்.

"என்ன தேடற?"

"சும்மாப்பா. என் ஃபைலு."

"எதுக்கு?"

"ஒரு பேப்பரை ஃபைல்ல வைக்கணும்."

"வைக்கறவ எதுக்கு எடுக்கற?" திரும்பிப் பார்த்தார். பையிலிருந்து மார்க்‌ஷீட்டின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸ் காகிதத்தைக் கண்டால் அவர் கை தானாக நீளும். "புதுசா? கொடு, ஒரு காப்பி போட்டுடறேன். பையில வச்சு மடிச்சுடுவ."

"வேணாம்பா."

வேண்டாம் என்று அந்தக் கடையில் யாரும் சொன்னதில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தாளை உருவிக் கண்ணாடிமேல் வைத்தார். மூடியை இறக்கப்போன கை பாதியில் நின்றது. தினமும் ஆயிரம் தாளைப் பார்க்கிற கண். படிப்பதே இல்லை, ஆனால் எது எங்கே இருந்தது என்று அதற்குத் தெரியும்.

ஃபைலை எடுத்தார். முதலில் ஒட்டிய தாளும் அதில் இருந்தது, செல்லோடேப் லேசாக மஞ்சள் பாய்ந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் வரிகளை எண்ணினார். இடது பக்கம் ஏழு. வலது பக்கம் ஆறு. மறுபடி எண்ணினார். இயந்திரம் வாடகை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் துப்பிவிட்டு, அடுத்து என்ன என்று காத்திருந்தது.

"நான்தான் சரியா பாக்காம ஃபில் பண்ணிட்டேன்பா" என்றாள் ஸ்டேப்ளர்.

"ஆறு இருக்கு" என்றார் அப்பா. "ஏழு இருக்கணும்."

மறுநாள் இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, வேலை நாளில் கடை பூட்டியிருந்தது. பேருந்தில் அப்பா முழு வழியும் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

சேர்க்கை அலுவலகம் இரண்டாவது மாடி. போனில் பேசிய அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்தார். எதிரே இரண்டு நாற்காலி. அப்பா உட்காரவில்லை.

"மேடம், கத்தரிக்கோல் கிடைக்குமா?"

"எதுக்குங்க?"

"நடந்ததைக் காட்டிடறேன்."

அவர் கொடுத்தார். அப்பா புதிதாக எடுத்து வந்திருந்த இரண்டு பாதிக் காப்பிகளையும் மேஜைமேல் பரப்பி, இடது பாதியில் தலைப்பை வெட்டினார். வலது பாதியில் கத்தரியை வைத்தார்.

"புரிஞ்சுடுச்சுங்க. வெட்டவேணாம்."

"முழுசாப் பாத்துடுங்க மேடம்." வெட்டினார். ஒரு வரி அதிகமாக, ஒரு பி என்ற எழுத்தோடு சேர்ந்து, மேஜையில் சுருண்டு விழுந்தது. இரண்டையும் ஒட்டினார். மஞ்சள் தாளோடு பக்கத்தில் வைத்தார். அச்சாக ஒன்றாக இருந்தது. "இந்தக் கைதான் மேடம். பொண்ணு பாக்கல. அது காப்பியைப் பாத்து எழுதுச்சு. அசலைக் கண்ணுலயே காட்டலை நான். என் மேல எழுதிக்கங்க."

அந்த அம்மாள் மார்க்‌ஷீட்டையும் ஒட்டுத்தாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி கீழே இறங்கியது. அப்புறம் ஸ்டேப்ளர் பக்கம் திரும்பினார்.

"புள்ளியியல் எழுதினது நீங்க. ஏ-ன்னு பாத்தப்ப சந்தேகம் வரலியா?"

இல்லை என்று சொன்னால் போதும். அப்பா அத்தனை பாரத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறார். ஒரே ஒரு சொல், டக்கென்று, அவளுக்குக் கைவந்த கலை. மேஜைக்கு அடியில் அப்பாவின் செருப்பு அவள் பாதத்தை மெல்ல மிதித்தது.

அவளுக்குக் குழாய்கள் நினைவுக்கு வந்தன. பேரைச் சொல்லுங்க, மறுபடி சொல்லுங்க.

"வந்துச்சு மேடம்."

செருப்பு நின்றது.

"வந்து?"

"கேட்டா ஏ போயிடுமோன்னு கேக்கல."

"சரி. அதையும் எழுதிக்கறேன்." நிஜமாகவே எழுதினார், நிதானமாக, இரண்டு வரி. பிறகு எல்லாத் தாளையும் வாரிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

இருபது நிமிஷம். சுவரில் நொடிமுள் இல்லாத கடிகாரம். ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. அப்பா வெட்டி விழுந்த துண்டுகளைப் பொறுக்கி, வைக்க இடம் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே ஒரு ஆண் குரல் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அது தன்னைப் பற்றிய சிரிப்பா, வேறு சங்கதியா என்று ஸ்டேப்ளர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தெரியவில்லை.

கதவு திறந்தது.

"பொய்த் தகவல்னு போடல. கவனக்குறைவுன்னு போட்டிருக்கு" என்றார் அந்த அம்மாள். அப்பாவின் தோள் இறங்கியது. "இருங்க, முடிக்கல. யார் வெட்டினாலும் சி சி-தான். இந்தத் தடவை சீட் கிடையாது. அடுத்த சேர்க்கை ஆறு மாசம் கழிச்சு. அதுவரைக்கும் உங்க இடத்தை எடுத்து வைப்போம். அதுக்குள்ள புள்ளியியலைத் திரும்ப எழுதி பி வாங்கணும். வாங்கலேன்னா அந்த இடமும் இல்ல. இங்க கையெழுத்து."

ஸ்டேப்ளர் போட்டாள். அவசரத்தில் கையெழுத்து அவளுடையது மாதிரியே இல்லை. அந்த அம்மாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

முதல் மாடித் திருப்பத்தில் அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலே ஏறுகிறவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

"எதுக்குடி சொன்ன? நான்தான் அவ்வளவு தூரம் ஜோடிச்சு வச்சேன்ல."

"நீ பேசினது உன் பங்குப்பா. என் பங்கு அப்படியே கிடந்துச்சு."

"சொல்லாம இருந்திருந்தா?"

"அப்பவும் சி-தானே."

அவர் யாரையோ விசாரிப்பதுபோல, "அந்த சி எப்படித்தான் வந்துச்சு?" என்றார்.

"மூணாவது கேள்வி தெரியல. நாலாவது தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"அஞ்சாவது?"

"அஞ்சாவது வரைக்கும் போகவே இல்லப்பா."

"பரீட்சை எப்ப?"

"மூணு மாசத்துல."

"மூணுதானா? ஆறுன்னு சொன்னாங்களே."

"ஆறு சேர்க்கைக்கு. பரீட்சை மூணு."

"அப்புறம் என்னத்துக்கு இங்க குந்திக்கிட்டிருக்கோம்," என்று அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நட."