டாக்டர் கேட்டது என் மனைவியிடம்

2003-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறைக்கு வெளியே நானும் என் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். முந்தின இரவிலிருந்து அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில். எனக்கு உத்தமபாளையத்தில் அலுவலக வேலை. எங்களுடைய சின்னத் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவள்தான். பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கியபடியே நின்று நாள் முழுக்கக் குலை வெட்ட வேண்டும். மார்ச்சில் அவளுக்கு மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியது. மே கடைசியில் சாப்பாடு பாதியானது. தேனிக்கு வந்த அந்த வாரம் இரண்டு நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது, எழுந்தால் கண்ணை இருட்டியது. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, உடனே தேனிக்குப் போங்கள் என்றார் உள்ளூர் டாக்டர். நான்கு வருடத்துக்கு முன் அவளுடைய அக்கா வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார். அவருக்கும் எரிச்சலில்தான் ஆரம்பித்தது. பஸ்ஸில் வரும்போது அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

எதையும் தேதியோடு குறித்துவைப்பது என் பழக்கம். மழை பெய்த நாள், பெரியாற்றுத் தண்ணீர் திறந்த நாள், பஸ் கட்டணம் ஏறிய நாள் எல்லாம் என்னிடம் இருக்கும். மனைவியின் நோய்க்கும் ஒரு நோட்டு போட்டிருந்தேன். எந்த நேரத்தில் வலித்தது, அன்று என்ன சாப்பிட்டாள், எந்த மருந்து கொடுத்தார்கள் என்று பதினெட்டுப் பக்கம். குழாய் விடுவதற்கு முன் தேனி டாக்டர் அவளிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நோட்டைப் பார்த்து நானே பதில் சொன்னேன். வலிக்கு மாத்திரை சாப்பிடும் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டே கையால் அமர்த்தினேன்.

தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்தார்கள். சுண்டுவிரல் தடிமனில் கறுப்புக் குழாய் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டு டிவியைக் காட்டினார். இளஞ்சிவப்பு மடிப்புகளுக்கு நடுவே ஒரு குழி. அதன் ஓரத்திலிருந்து ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. புற்றா என்று கேட்டேன். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார். அதே குழாய் வழியாக ஊசியை இறக்கி மருந்து செலுத்தினார். என் கண்ணெதிரிலேயே கசிவு நின்றது. பிறகு, இது வலி மாத்திரையால் வருகிற புண் மாதிரி இருக்கிறதே என்றார். இல்லவே இல்லை சார், எல்லாம் குறித்திருக்கிறேன் என்றேன்.

அப்போது அவளுடைய வலது கை மேலே எழுந்தது. காகிதத்தைப் பிரிப்பது போலவும் வாயில் போடுவது போலவும் காட்டிவிட்டு, தோள்பட்டையைத் தொட்டது.

"கைய ஆட்டாதீங்கம்மா" என்று நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சார், நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. அவங்க சொல்லட்டும்" என்றார்.

குழாயை எடுத்து அரை மணி நேரம் கழித்து, மரத்த நாக்கு தடிக்கச் சொன்னாள்.

"மெடிக்கல்ல குடுக்குற செட்டு மாத்திரைங்க சார். தோள்பட்ட வலிக்கு. காலையில ஒண்ணு, பொழுதுசாய ஒண்ணு. பொங்கல் கழிச்சு மொதத் தடவ இவுகதான் வாங்கியாந்தாக. முன்னமே சொல்ல வந்தேன், கையக் காட்டி அமத்துனாக. சரி, நோட்டுல இருக்கும்போலன்னு விட்டுட்டேன்."

பெயர் தெரியாத மூன்று மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள், அதுதான் செட். திராட்சை வெட்டப் போகிற பெண்கள் பலர் அதைப் போட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குள் இறங்குவார்கள். எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காததால் அது மருந்துக் கணக்கில் சேரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பின்னால் வீட்டுக்கு வந்து என் டைரியில் ஜனவரிப் பக்கங்களைப் புரட்டினேன். நான் மாத்திரை வாங்கிவந்த வாரத்தில் பஸ் தாமதமாக வந்தது இருக்கிறது, பனி இருக்கிறது. அவளுடைய தோள்பட்டை இல்லை.

இன்னும் ஒரு வாரம் அதைச் சாப்பிட்டிருந்தால் வயிற்றில் ஓட்டையே விழுந்திருக்கலாம், கிழித்துத்தான் ஆபரேஷன் செய்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். நான்கு நாள் படுக்கை. செட் நின்றது. ஒன்பதாம் நாள் சோதனை முடிவு வந்தது, புற்று இல்லை. "அக்கா போன வழியிலயே நானும் போறேன்னு நெனச்சேன்" என்று அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

ஆகஸ்டில் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் ஆறி, வெளிறிய தழும்பு மட்டும் இருந்தது. எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பத்து நிமிடம் பேசினாள். அதில் பாதி எனக்குப் புதிய செய்தி.

இன்றும் எந்த டாக்டராவது அவளிடம் ஒன்று கேட்டால், பதில் முதலில் என் நாக்கு நுனிக்குத்தான் வருகிறது. அது தப்பான பதில் என்பது, பல தடவை, அவள் பேசி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது.