என் வாய்க்குக் கீழே எழுதினது

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. மற்ற மூன்றும் இந்த இத்தாலிப் பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின் பிள்ளைகள். ஏழில் ஒன்றும் என்னைப் பகிடி பண்ணியதில்லை. அதைச் செய்தது ஒரு சினிமாக்காரர்.

என் இரண்டாவது மகனைச் சண்டைக் காலத்தில் மன்னாரில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. மாதா கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுக்கப் போனால், உயிரோடு இருக்கிறவருக்கோ இறந்தவருக்கோ என்று கேட்பார்கள். பதில் தெரியாமல் திரும்பி வருவேன். அதற்காகத்தான் இந்த ஊர்ப் பெல்லெக்ரினோ மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிறேன். எங்கள் சனம் முழுக்க ஏறும், சைவக்காரரும் ஏறுவார்கள். மேலே குகைக்குள் இருக்கிற புனிதையைச் சாந்தா என்றுதான் சொல்லுவோம். அவவிடம் நான் கேட்கிறது அந்த ஒரு பதிலை.

போன வருசம் குகை வாசலில் கமெராவோடு நின்றார்கள். எங்கள் பங்குப் பெடியள் திருநாளைப் படம்பிடித்து, ஊரிலும் கனடாவிலும் பார்க்கிற மாதிரிப் போனில் போடுவார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஒரு பெட்டை வந்து, "மன்றாடுங்கோ நோன்னா, நல்லாய்க் கேக்கட்டும்" என்று, அம்மம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி, இத்தாலியனில் சொன்னாள். யாரோ ஒரு ஆள் பார்த்து, என் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் அனுப்பமாட்டாரோ என்று, சாந்தாவைப் பார்க்காமல் கமெராவைப் பார்த்தே கேட்டேன்.

பார்த்தால் அது பகிடிப் படம். எடுத்தவர் வம்புக்குப் பெயர்போனவர். சாந்தாவை இழிவுபடுத்திவிட்டார் என்று படம் வரமுன்னமே பத்திரிகையில் சண்டை. கோயிலில் படத்துக்குப் போகவேண்டாம் என்றார்கள். நான் படத்தில் வாறன் என்று கேள்விப்பட்ட பேத்தி விடவில்லை.

வியா மக்வேதாத் தெருவுக்குப் பக்கத்துத் தியேட்டர். முக்கால்வாசிக் கதிரை வெறுமை. ஒருவரும் சிரிக்கவில்லை, முன்னால் ஒரு மனுசன் நித்திரை. பிறகு சுவரளவுக்கு என் முகம் வந்தது. என் குரல் இரண்டு சொல்லோடு அமுங்கி, அதற்கு மேல் பாண்ட் வாத்தியம். கீழே வெள்ளை எழுத்து. அந்தப் படத்திலேயே அப்போதுதான் சனம் சிரித்தது.

"என்னடி எழுதியிருக்கு?"

"ஒண்டுமில்லை அம்மம்மா."

"சிரிக்கினம். வாசி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்கு ஒரு பணக்காரக் கிழவனைத் தரச்சொல்லிக் கேக்கிறியளாம். பல்லில்லாட்டியும் பரவாயில்லையாம்."

என்ர மனுசன் கண்மூடின நாளிலிருந்து நிறச்சேலை தொடாதவள் நான்.

வெளியே அந்தச் சினிமாக்காரர் சிகரெட்டோடு நின்றார். சாந்தாவையே பகிடி பண்ணினாய் என்று இரண்டுபேர் அவரை ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முடிக்குமட்டும் நின்றேன். என்னைக் கண்டதும் கையை விரித்தார்.

"நோன்னா! படத்தில நல்லாய் நடிச்சது நீங்கள் ஒராள்தான்!"

என் அடுப்படி இத்தாலியன் இதுக்குக் காணாது. பேத்தியிடம், "நடிக்கேல்லை எண்டு சொல்லு. நான் அங்கை கேட்டது என்னெண்டும் சொல்லு" என்றேன். தன் மாமாவின் கதையை அவள் முழுக்கச் சொன்னாள். மனுசன் சிகரெட்டைக் கீழே போட்டார்.

"எனக்கு உங்கட பாஷை தெரியாது. இஞ்சை ஒருத்தருக்கும் விளங்காது எண்டு நினைச்சன்."

"அப்ப நாங்கள் ஒருத்தரும் இல்லையோ?"

படம் ஓடவில்லை, நாலு நாளில் தியேட்டரிலிருந்து எடுத்துவிடுவார்கள், கவலைப்படாதையுங்கோ என்றார். எனக்கு ஆறுதல் சொல்லுகிறாராம்.

படத்தை எடுத்துவிட்டார்கள்தான். ஆனால் அந்தத் துண்டு மட்டும் போன் போனாய்த் திரியுது. பல்லாரோச் சந்தையில் மீன்காரன், "நோன்னா, கிழவன் அம்பிட்டானோ?" என்று கேட்டு ஒரு மீன் கூடப் போடுகிறான். கெட்டவன் இல்லை, அவனுக்கு அந்த எழுத்துத்தான் தெரியும். சாந்தாவுக்காகப் பங்குச் சுவாமியார் பத்திரிகைக்கு எழுதினார். எனக்காக எழுத ஆளில்லை. மகள், "ஓடாத படம் அம்மா, விடுங்கோ" என்கிறாள். என் பிள்ளையைக் கண்ட ஒருவன் அந்தத் துண்டைப் பார்த்தால், சிரித்துவிட்டுத் தள்ளிவிடுவானே. அதை எப்படி விடுகிறது?

மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. ஒரு கிழமையாய் எழுதுகிறேன். நான் கேட்டது இவ்வளவுதான்: தாயே, பிள்ளையைத் திருப்பித் தா எண்டு கேக்கேல்லை. அவனுக்கு எந்தப் பூசை குடுக்கிறதெண்டு மட்டும் சொல்லு.

பேத்திப்பிள்ளை, போனை வைச்சிட்டு இஞ்சை வா. இதை முதலிலிருந்து வாசி பாப்பம். பிழையிருந்தாலும் திருத்தாதை, நான் எழுதினபடியே வாசி.