நுனிக்கால் டீச்சரும் குடும்பக் கனைப்பும்

நுனிக்கால் டீச்சர் என்று கேட்டால் அந்தத் தெருவில் பால்காரரும் வழி சொல்வார். மேல் அலமாரி டப்பாவை எடுக்க அவள் வீட்டில் ஸ்டூல் கிடையாது. கால் கட்டைவிரல்களில் எழும்பி நிற்பாள், டப்பா கைக்கு வந்துவிடும். பால் பொங்கும்வரை சும்மா நிற்பானேன் என்று ஒரு காலைத் தூக்கிச் சமையல் மேடைமேல் நீட்டி வைத்துக்கொள்வாள். வங்கி வரிசையில் நின்றாலும் குதிகால்கள் ஒட்டியிருக்கும், பாதங்கள் திசைக்கொன்றாகத் திரும்பியிருக்கும்.

"உன் காலு ரெண்டுக்கும் என்ன சண்டை? இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்குதுங்க?" என்பான் கணவன்.

சின்ன வயதில் ஆசையாகப் பாலே நடனம் கற்றவள். பிறகு கல்யாணம், பிள்ளை, பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை என்று வாழ்க்கை தன் பாட்டுக்குப் போனது. ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிறுமி ஜன்னல் வழியாக அந்தச் சமையல் மேடைக் காலைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அது வேணும்" என்று தரையில் புரண்டு அழுதாள். பாலே வகுப்பு அப்படித்தான் பிறந்தது.

வகுப்புக்கு இடம் கொடுத்தவர் கணவனின் அண்ணன். ஊருக்கு அவர் டயர்க்காரர், டீச்சருக்கு அத்தான். கீழே அவருடைய டயர் கடை, மேலே காலி ஹால். பிள்ளைகள் மேலே குதித்தால் கீழே அவருடைய டீயில் சுண்ணாம்பு உதிரும். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தவர், ஒருநாள் தம்ளரோடு படியேறி வந்துவிட்டார்.

"ஏம்மா, தம்பி பொண்டாட்டியாச்சேன்னு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு சுண்ணாம்பைக் குடிச்சேன். இனிமே முடியாது. சரக்கு அடுக்க எனக்கு எடமில்ல."

"அத்தான், பரீட்சை வருது. இந்த நேரத்துல போய்…"

"என்ன பரீட்சை? குதிக்கிறதுக்கா?"

"முதல் கிரேடு. வெளியூர்லேர்ந்து எக்ஸாமினர் வர்றாங்க."

டயர்க்காரர் யோசித்தார். நியாயஸ்தர் என்று பேர் வாங்கியவர். "சரி. இந்த வாண்டுங்க அத்தனையும் பாஸாகட்டும், ஹாலு உனக்கு. ஒண்ணு கோட்டை விட்டாலும் மேலே டயரு ஏறும். அப்புறம் அழக்கூடாது."

அன்றிலிருந்து டீச்சருக்கு வேறு நினைப்பே இல்லை. டோக்கன் கொடுக்கும்போதுகூட, "முட்டியை மடக்கி, முதுகை நிமித்தி" என்று முணுமுணுத்தாள். பல்வலிக்காரர் ஒருவர் பயந்துபோய் அப்படியே உட்கார்ந்தார்.

பரீட்சைக்குப் போகிறவர்கள் நான்கு பேர். அதில் ஒருத்திக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்ததால் ஓட்டைப்பல் என்று பேர். இன்னொருத்தி ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பதால் கேள்வி.

"டீச்சர், பரீட்சையில மூக்கு அரிச்சா?"

"அரிக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"பாட்டு முடியிற வரைக்கும்."

"எக்ஸாமினருக்கு அரிச்சா?"

"அவங்க பெரியவங்க, சொறிஞ்சுக்கலாம். நீ கம்பியைப் பிடி!"

சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நால்வரும் பிளியே செய்வார்கள். குதிகாலை ஒட்டிவைத்து, முழங்காலை வெளிப்பக்கமாக மடக்கி, அவசரமில்லாமல் இறங்கி ஏறும் அசைவு அது. ஓட்டைப்பல் இறங்குவாள். ஏறுவதற்குத்தான் சிபாரிசு வேண்டியிருக்கும்.

கீபோர்டு வாசிப்பது டீச்சரின் கணவன். விரல் சும்மா இருக்காத ஆள். வகுப்புக்கு முன்னாலும் இடையிலும் எதையாவது வாசித்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். நிஜமான பாட்டை ஆரம்பிக்குமுன் மட்டும், "ம்ஹ்ர்ர்ரும்!" என்று ஒரு கனைப்பு வரும். ஜன்னல் கண்ணாடி அதிரும். அது அவர்கள் அப்பா வழி வந்த கனைப்பு. சொத்தைப் பிரித்தபோது அண்ணனுக்குக் கடையும் தம்பிக்கு வீடும் போயின. கனைப்பை மட்டும் பிரிக்க முடியாமல் இருவருமே வைத்துக்கொண்டார்கள்.

பரீட்சை நாள் காலையில் ஹாலே ஹேர்பின்னும் பவுடருமாகக் கிடந்தது. கொண்டை போட்டதில் கேள்வியின் புருவம் இரண்டும் மேலே இழுபட்டு, எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிறவள்போல் இருந்தாள். எக்ஸாமினரின் கார் வாசலில் நின்றதும் டீச்சர் கணவனை ஓரமாக இழுத்தாள்.

"ஏங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னிக்கு ஒரு நாள் அந்தத் தொண்டையைக் கனைக்காதீங்க. எக்ஸாமினர் என்ன நினைப்பாங்க?"

"குதிரைன்னு நினைப்பாங்க" என்றான். ஆனாலும் நல்ல மனுஷன். ஒரு இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

பரீட்சை நடக்கும்போது டீச்சர் உள்ளே இருக்கக்கூடாது. வாசிக்கிறவரும் பிள்ளைகளும் மட்டும்தான். கதவு சாத்தியதும் டீச்சர் காதை அதில் ஒட்டிக்கொண்டாள். பக்கத்தில் டயர்க்காரர். பந்தயத்தில் பாதி அவருடையதாயிற்றே!

உள்ளே, "குட் மார்னிங், எக்ஸாமினர்" என்று கோரஸாகக் கேட்டது. டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்து கீபோர்டு. ஒரு துணி சரசரப்புக்கூட இல்லை. பாட்டு தனியாகப் போய்த் தனியாக நின்றது.

"மறுபடியும் ஆரம்பிக்கலாமா?" என்றது எக்ஸாமினர் அம்மாவின் பதமான குரல். மறுபடியும் கீபோர்டு. மறுபடியும் நான்கு பேரும் கல்லாக நின்றார்கள்.

"ஐயோ, எல்லாம் மறந்துடுச்சுங்களா?" டீச்சரின் கண்ணுக்கு முன்னால் டயர்கள் வரிசையாகப் படியேறின.

"என்னம்மா இது, அவன் இன்னும் கனைக்கவே இல்லையே?" என்றார் டயர்க்காரர், சாதாரணமாக. "முதல்ல அவன் கனைப்பான், அப்புறம்தானே தடதடன்னு கேக்கும்? எனக்கே தெரியும். இப்பல்லாம் கனைப்பு கேட்டதும் தம்ளரை மூடிடுவேன்."

டீச்சருக்குச் சுரீரென்றது. கனைப்புக்கு முன்னால் வருவதெல்லாம் அவன் சும்மா வாசித்துப் பார்ப்பது; கனைத்தால்தான் பாட்டு. பிள்ளைகள் ஒரு வருடமாக அப்படித்தான் கற்றிருக்கின்றன. அதைத்தான் இன்று தானே சொல்லி அடைத்துவிட்டாள்!

"அத்தான், கனைங்க!"

"யாரு, நானா?"

"உங்க வீட்டுக் கனைப்புதானே? சீக்கிரம்!"

"எனக்குத்தான் டயர் வைக்க எடம் வேணுமே" என்று அவர் இழுத்தார். அதற்குள் உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஓட்டைப்பல்லாகத்தான் இருக்கும். டயர்க்காரர் முகம் மாறியது. மார்பை விரித்தார்.

"ம்ஹ்ர்ர்ரும்!"

உள்ளே நான்கு ஜோடிக் கால்கள் உயிர்பெற்றன. கீபோர்டு பதறிக்கொண்டு பின்னால் ஓடிப் பிடித்துக்கொண்டது. டீச்சர் நுனிக்காலில் எழும்பி அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

அடுத்த பாட்டுக்கும் டயர்க்காரர் கனைத்தார். அதற்குள் தம்பிக்கும் விஷயம் புரிந்து, மிட்டாயைக் கடித்து விழுங்கிவிட்டு அவனே கனைக்க ஆரம்பித்தான். ஆனால் அண்ணனுக்கு ருசி கண்டுவிட்டது. பாட்டின் நடுவில் இன்னொன்றை எடுத்துவிட்டார். உள்ளே பாதியில் இருந்த பிள்ளைகள் முதலிலிருந்து தொடங்கின.

"அத்தான், போதும்!"

"இரும்மா, நல்லா வருது… ம்ஹ்ர்…"

டீச்சர் அவர் தோளில் கிடந்த துண்டை உருவி அவர் வாயைப் பொத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் குரல் உயர்த்தாத தம்பி மனைவி. அவர் கண்கள் பிதுங்க, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்க, கதவு திறந்தது.

எக்ஸாமினர் அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாருக்கு உடம்பு சரியில்ல? தண்ணி குடுங்க அவருக்கு."

வரி அதிகாரிக்கே அசையாத டயர்க்காரர் ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்கி, வேட்டியை இரு விரலால் லேசாகத் தூக்கி அழகாக வணங்கினார். மாதக்கணக்காகக் கதவிடுக்கில் பார்த்த பாடம். எக்ஸாமினர் உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

வெளியே வந்ததும் கேள்வி நேராக டீச்சரிடம் போனாள். "அங்கிள் உள்ளேதானே இருந்தாரு, அவரு கனைப்பு மட்டும் ஏன் டீச்சர் வெளியிலேர்ந்து வந்துச்சு?"

ரிசல்ட் வந்த சாயங்காலம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டீச்சர் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். டயர்க்காரர் போனை எட்டப் பிடித்துப் படித்தார். நால்வரும் பாஸ். ஓட்டைப்பல் மயிரிழையில். கடைசியில் ஒரு வரி: பிள்ளைகள் இசையைக் கவனிப்பது நன்று, வேறு சத்தங்களை இவ்வளவு கவனிக்க வேண்டாம்.

"வேறு சத்தமா? அதுக்கு மார்க் கிடையாதா?" என்றார் ஏமாற்றமாக.

வாசலில் புதுச் சரக்கோடு லாரி வந்து நின்றது. "எங்கேண்ணே, மேலேயா?" என்று கேட்டார் டிரைவர்.

"மேலே பிள்ளைங்க கிளாஸ் நடக்குதுல்ல? பின்னாடி ஷெட்டுல எறக்கு" என்று சொல்லிவிட்டு, தொண்டையில் ஏதோ அடைக்க, "ம்ஹ்ர்ர்ரும்!" என்றார்.

மேலே தடதடவென்று நான்கு ஜோடிக் கால்கள் ஆரம்பித்தன. அவர் கை தானாகப் போய்த் தம்ளரை மூடியது.