பட்டாசுப் பெட்டியில் கட்டிய பன்னிரண்டு பை

மூத்த பேரனுக்கு கரண்டு ஆபீசில் வேலை. அடுத்தவன் பெங்களூரில் கம்ப்யூட்டர். இந்த இன்டர்நெட் பக்கத்தை நடத்துவதும் அவன்தான். சின்னவன் கபடியில் கப்பு வாங்கியவன். கடைக்குட்டி பேத்தி பவானி மலைமலையாக ஏறுவாள், ஏறாத நாளில் தைப்பாள். மலையேறுகிறவர்கள் மாட்டும் முதுகுப்பையை அவளே வெட்டித் தைத்து, கொடைக்கானல் கடை ஒன்றில் முதல் ஆர்டரும் பிடித்துவிட்டாள். பன்னிரண்டு பை. தீபாவளிக்கு முந்தின வாரம், மூணு மணிக்குள் வர வேண்டும், பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன் என்றாராம் கடைக்காரர். துணைக்கு நான் போனேன். நான் படித்தது அஞ்சாப்பு, எழுத்தும் அம்புட்டுத்தான்.

காலை ஐந்தரைக்குச் சிவகாசியில் பஸ். மதுரை எழுபது கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஆரப்பாளையம் போனால்தான் கொடைக்கானல் வண்டி. அவசரத்தில் மாட்டுத்தாவணியிலேயே நின்றுவிடாதீர்கள்.

பைகளை இரண்டு பட்டாசு அட்டைப்பெட்டியில் கட்டியிருந்தேன். எங்கள் ஊரில் கல்யாணச் சீரே அதில்தான் போகும். கொடைக்கானல் வண்டியின் மதுரைக் கண்டக்டருக்கு அது எங்கே தெரியும்?

"பாட்டி, பட்டாசு ஏத்த முடியாது. இறக்குங்க."

"பைதான்யா."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

பிரித்துக் காட்டினேன். "பை ஏறலாம், பெட்டி ஏறாது. செக்கிங்ல பெட்டி மேல இருக்கிற பட்டாசுப் படத்தப் பாத்தா வண்டியவே நிறுத்திருவாங்க" என்றார்.

"அப்பத்தா, திரும்பிருவோம்" என்றாள் பவானி. அடுத்த வண்டியில் போனால் மூணு மணி தாண்டிவிடும்.

பெட்டியை அங்கேயே போட்டேன். மேலே வைக்க இடமில்லை. ஆளுக்கொரு பையாகப் பயணிகள் மடியில் கொடுத்தேன். "புதுசும்மா, அழுக்காக்கிராதீக."

வத்தலக்குண்டு தாண்டுவதற்குள் ஒருத்தர் தன் பையில் கொய்யாப்பழம் வைத்தார், ஒருத்தி பால்புட்டி வைத்தாள். கொண்டை ஊசி வளைவில் ஒரு பெரியவர் பையை வாய்க்கு நேராகப் பிடித்தார். பவானி பாய்ந்து பறித்துவிட்டாள். நான் யார், எந்தக் கடைக்குப் போகிறேன் என்று பஸ் முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

இறங்கும்போது பன்னிரண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு, இரண்டரைக்குக் கடையில் நின்றோம். கடைக்காரர் முதல் பையைக் கவிழ்த்தார். கடலைத் தோலும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன.

"என்னம்மா, பழைய பையக் கொண்டாந்திருக்கீங்க?"

பவானி குனிந்து கடலைத் தோலைப் பொறுக்கினாள். நான் வாய் திறக்குமுன், பஸ்ஸில் வந்த ஒரு அம்மா மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"ஆத்தா, என் வெத்தலைப் பொட்டலம் பையிலயே கெடக்கு." தேடி எடுத்துக்கொண்டவள், அந்தப் பையை விடவில்லை. "வழியெல்லாம் இழுத்து இழுத்துப் பாத்தேன், ஒரு நூல் வரல. இது என்ன விலை?"

விலை சொன்னது கடைக்காரர்தான். புதுப் பை விலை. மற்ற பதினொன்றையும் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.

பவானிக்கு மலையும் தெரியும், தையலும் தெரியும். நாலு பேரிடம் வாய் கொடுக்கத்தான் தெரியாது. அதற்கு நான் இருக்கிறேன். சரக்கோடு போகிறவர்கள் வெள்ளைச் சாக்கில் கட்டுங்கள்.

பெங்களூர்க்காரனே, இந்தப் பக்கத்தில் இன்னும் பவானி ரெட்டைச் சடையோடு நிற்கிற படத்தையே வைத்திருக்கிறாய். அதை எடுத்துவிட்டு, கடை வாசலில் பையோடு நிற்கிற புதுப் படத்தைப் போடு. ஓரத்தில் நானும் இருக்கிறேன், வெட்டிவிடாதே.